விட்டுவிடுதல் விடுதலையாகுமா?

மொன்றியல் தீவின் மேற்குப் புறத்தில், ஜாக்-பிசார் பாலத்தைக் கடந்தால் இல்-பிசார். பிசார் என்பவர் சுவிற்சலாந்திலிருந்து வந்த ஒரு படையதிகாரி. 1678இல் இந்தத் தீவு அவருக்கு மானியமாகக் கிடைத்தது, பெயர் நிலைத்துவிட்டது. வந்தேறியின் பெயரும் நிலத்தில் ஒட்டிக்கொள்ளும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும் என்று எம்மவர் சிலர் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. கோல்ஃப் மைதானங்கள், பெரிய மரங்கள், 2017இலும் 2019இலும் வெள்ளம் ஏறிய கரையோர வீடுகள், நடுவே ஒரு இயற்கைப் பூங்கா. அந்தப் பூங்காவின் சதுப்பு நிலத்துக்கு மேலாக நீண்ட மரநடைபாதை ஒன்று போகிறது. மே மாதத்து வெயிலில் அதில் போய் நின்றால், நீரில் சாய்ந்து கிடக்கும் மரக்குற்றிகளில் ஆமைகள் வரிசையாக ஏறி வெயில் காய்வதைக் காணலாம்.

மற்றவர்கள் நின்று படம் எடுப்பார்கள். நாம் ஒவ்வொரு ஆமையின் முகத்தையும் தேடிப் பார்ப்போம். கண்ணுக்குப் பின்னால் தடித்த சிவப்புக் கீறல் ஒன்று இருக்கிறதா என்று பார்ப்போம். இங்குள்ள வர்ண ஆமைக்கும் கழுத்திலும் ஓட்டின் விளிம்பிலும் சிவப்பு உண்டு, தூரத்தில் ஏமாற்றிவிடும். நாம் தேடுவது வேறொன்றை. தேடத் தொடங்கி இருபது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது.

அந்த ஆமை எம்மிடம் வந்த கதை மிகச் சாதாரணமானது. 1995இல் நண்பர் குடும்பமொன்று ரொறன்ரோவுக்கு இடம்பெயர்ந்தது. மொன்றியலில் பிரெஞ்சோடு மாரடித்துக் களைத்துப்போய் எத்தனையோ குடும்பங்கள் அப்படிப் போயின. போகும்போது சோபாவையும், இரண்டு பெரிய சட்டிகளையும், ஒரு கண்ணாடித் தொட்டியையும் எம் தலையில் கட்டிவிட்டுப் போனார்கள். தொட்டிக்குள் உள்ளங்கை அளவு ஆமை. "ஒண்டும் செய்யாது, அது தன்ர பாட்டுக்குக் கிடக்கும்" என்றார் நண்பர். கோட்-டி-நேஜ் பகுதியில் இரண்டு அறை வீட்டில் நாம் ஆறுபேர். அது ஏழாவது.

அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. ஆமை புகுந்த வீடு உருப்படாது என்பது அவரது முதல் வாதம். ஊரில் எமது கிணற்றுக்குள் ஒரு ஆமை இருந்ததே என்று நினைவூட்டினோம். "அது கிணத்துக்குள்ள. தண்ணியைத் துப்பரவாக்க விட்டது. இது வீட்டுக்குள்ள" என்றார். ஆனாலும் கீரையைக் கிள்ளி அதற்குப் போட்டவரும் அவர்தான்.

1998 சனவரி 5ஆம் திகதி தொடங்கிய பனிமழையை மொன்றியலில் வாழ்ந்த எவரும் மறந்திருக்க மாட்டார்கள். உறைமழை ஐந்தாறு நாட்களாகப் பெய்து, மின்கம்பிகளும் கோபுரங்களும் ஐஸ்கட்டியின் பாரம் தாங்காமல் சரிந்தன. கியூபெக்கில் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட வீடுகளில் மின்சாரம் இல்லை. சில இடங்களில் ஒரு மாதம் கடந்தும் வரவில்லை. எமது வீட்டில் ஹீற்றர் நின்றது. கூடவே ஆமையின் தொட்டிக்கு மேலிருந்த வெப்ப லைற்றும் நின்றது. தன் உடம்புக்குத் தானே சூடு உண்டாக்க முடியாத பிராணி அது என்பதை அன்றுதான் உண்மையாக விளங்கிக்கொண்டோம். ஆமைக்கும் பாம்புக்கும் பல்லிக்கும் சூடு வெளியிலிருந்துதான் வரவேண்டும். சூடில்லாவிட்டால் உண்ட உணவும் வயிற்றில் செமிக்காது. அதை ஒரு வாளியில் இட்டு, கம்பளியால் சுற்றி, மின்சாரம் இருந்த உறவினர் வீட்டுக்குக் கொண்டுபோனோம். அங்கே இரண்டு அறைகளில் பதினான்கு பேர். வாளியைக் குளியலறையில் வைத்து முறைபோட்டுப் பார்த்துக்கொண்டோம். ஆமை பிழைத்தது. அந்தக் கதையை நாம் வருடக்கணக்காகப் பெருமையோடு சொல்லித் திரிந்தோம்.

சொல்லாமல் விட்ட கதை 2001 யூலை 1ஆம் திகதியுடையது. கியூபெக்கில் அன்றுதான் ஊரே வீடு மாறும் நாள். வாடகை ஒப்பந்தங்கள் பெரும்பாலும் யூன் முடிவோடு முடிகின்றன. தெருவோரமெங்கும் மெத்தைகளும் குளிர்சாதனப் பெட்டிகளும் கிடக்கும். பூனைகளும் நாய்களும் அப்படியே கைவிடப்படுகின்றன. விலங்குக் காப்பகங்கள் நிரம்பி வழியும் காலம் அது. எமது புதிய வீட்டு ஒப்பந்தத்தில் பிராணிகள் கூடாது என்று ஒரு வரி இருந்தது. ஆமையோ இப்போது சாப்பாட்டுக் கோப்பையளவு வளர்ந்து, தொட்டி போதாமல், மணக்கத் தொடங்கியிருந்தது. நண்பர் ஒருவரின் வாகனத்தில், அதே வாளியில், இல்-பிசார் சதுப்பு நிலத்துக்குக் கொண்டுபோனோம். கரையில் வாளியைச் சரித்தோம். அது சிறிது நேரம் அசையாமல் நின்றது. பிறகு நீருக்குள் போனது. பிள்ளைகள் கைகாட்டினார்கள். "இனி அது சுதந்திரமாய்ப் போகட்டும். புண்ணியம்" என்றார் அம்மா. எமக்கும் அப்படித்தான் தோன்றியது. கூட்டைத் திறந்துவிட்ட கையின் நிறைவோடு வீடு திரும்பினோம்.

*

விடுதலை என்ற சொல்லை எம்மளவுக்குப் பாவித்த மக்கள் குறைவு. அதனால்தான் போலும், எதை விட்டாலும் அதை விடுதலை என்று அழைத்துவிட எமக்கு இலகுவாக இருக்கிறது.

நாம் விட்ட ஆமையின் இனம் மிசிசிப்பி ஆற்றுப் படுகையைச் சேர்ந்தது. செங்காது ஆமை என்று சொல்லலாம். அமெரிக்காவின் தென்மாநிலங்களில் பண்ணைகளில் குஞ்சு பொரிக்கவைத்து, நாணயமளவு குஞ்சுகளாக இலட்சக்கணக்கில் விற்றார்கள். அவற்றை வாயில் வைத்து விளையாடிய குழந்தைகளுக்கு சல்மொனெல்லாக் கிருமி தொற்றவே, 4 அங்குலத்துக்குக் குறைந்த ஓடுடைய ஆமைகளை விற்பதற்கு 1975இல் அமெரிக்கா தடைவிதித்தது. ஏற்றுமதி நிற்கவில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 1997இல் இதன் இறக்குமதியை நிறுத்தியது. அதற்கிடையில் உலகின் பல நாடுகளின் குளங்களில் இது குடியேறிவிட்டது. இன்று உலகின் மிகக் கேடான நூறு அந்நிய ஊடுருவல் இனங்களின் பட்டியலில் இதன் பெயரும் இருக்கிறது. அந்த ஊடுருவலைச் செய்தவர்கள் பெரும்பாலும் எம்மைப்போல் வாளியைச் சரித்தவர்கள்தான்.

இங்குள்ள நதிக்கும் ஏரிக்கும் சொந்தமான ஆமைகள் உண்டு. அவற்றில் ஒன்று, ஓட்டில் தேசப்படம் போலக் கோடுகள் ஓடும் வரைபட ஆமை. கியூபெக்கில் அருகிவிடக்கூடும் என்று அஞ்சப்படும் இனம். இந்த ஆமைகள் பனிப்படலத்துக்குக் கீழே, நீரின் அடியில், தோலால் கொஞ்சம் பிராணவாயுவை உறிஞ்சியபடி மாதக்கணக்கில் கிடந்து வசந்தத்தில் எழும்பும். ஆறு ஆண்டுகள் வெப்ப லைற்றுக்குக் கீழ் கீரை தின்ற எமது ஆமைக்கு அந்தக் குளிர்காலத்தை எங்கே கழிப்பதென்று தெரிந்திருக்குமா? தெரியாவிட்டால் அது முதல் திசம்பரிலேயே செத்திருக்கும். தெரிந்திருந்தால், வெயில் காயும் மரக்குற்றியையும் உணவையும் உள்ளூர் ஆமைகளிடமிருந்து பறித்திருக்கும். தொட்டியில் பிடித்த நோயையும் காவிச் சென்றிருக்கலாம். இரண்டிலும் புண்ணியத்துக்கு இடமில்லை.

இதை எமக்குச் சொன்னவர் ஒரு பாம்புக்காரர்.

*

2012இல் நாம் இல்-பிசாருக்கே குடிவந்தோம். இரண்டு வீடு தள்ளி ஒரு கியூபெக் இளைஞர். கீழ்த்தளத்தில் பாம்புகள் வைத்திருக்கிறார் என்று தெருவில் பேச்சு. நாமும் அந்த வீட்டைக் கடக்கும்போது நடையைச் சற்று வேகமாக்கியவர்கள்தான். பாம்பென்றால் படையும் நடுங்கும் என்று கேட்டு வளர்ந்த கால்கள் வேறென்ன செய்யும்?

அடுத்த வருடம், 2013 ஓகஸ்ட் 5ஆம் திகதி, நியூ பிறன்ஸ்விக் மாநிலத்தின் காம்பெல்ரன் நகரில் அந்தக் கொடுமை நடந்தது. ஊர்வன விற்கும் கடையொன்றின் மேல்மாடி வீட்டில் இரவு தங்கிய இரண்டு சிறுவர்கள், ஒருவருக்கு ஆறு வயது, மற்றவருக்கு நான்கு. அடைப்பிலிருந்து காற்றுக்குழாய் வழியாக வெளியேறிய ஆபிரிக்க மலைப்பாம்பொன்று இருவரையும் கொன்றது. உலகமெல்லாம் செய்தியானது. குற்றவியல் கவனயீனம் என்று வழக்கு நடந்தது. 2016இல் யூரிகள் குற்றமில்லை என்று தீர்த்தார்கள். சட்டம் என்ன சொன்னாலும், தூங்கப்போன இரு பிள்ளைகள் எழும்பவில்லை. அதற்கு முன் நிற்கக்கூடிய வாதம் எதுவும் கிடையாது.

அந்த வாரமே எமது தெருவின் முகம் மாறிற்று. யாரோ முறைப்பாடு செய்து, அதிகாரி ஒருவர் அந்த இளைஞரின் வீட்டுக்கு வந்துபோனார். சட்டத்துக்குப் புறம்பாக எதுவும் இருக்கவில்லை. ஆனாலும் பிள்ளைகள் அந்தப் பக்கம் விளையாட அனுப்பப்படவில்லை. குப்பைவாளியை வைக்க வந்தபோது அவர் தலைகுனிந்து நடந்ததைக் கண்டோம். அந்த நடை எமக்குப் பரிச்சயமானது. அதனாலேயே ஒருநாள் பேச்சுக் கொடுத்தோம்; அவர் உள்ளே அழைத்தார்.

ஆறு பெட்டிகள், ஒவ்வொன்றுக்கும் பூட்டு. பாம்புகளெல்லாம் பந்து மலைப்பாம்பு என்ற மேற்காபிரிக்க இனம். பயந்தால் தலையை நடுவில் வைத்துப் பந்தாகச் சுருண்டுகொள்ளும், நான்கைந்து அடிக்கு மேல் வளர்வது அரிது, எலி தின்னும். பெட்டியின் ஒரு முனையில் 32 பாகை வெப்பம், மறுமுனையில் 26. பாம்பு தனக்கு வேண்டிய சூட்டைத் தானே தெரிந்து நகர வேண்டும் என்பதற்காக அப்படி. எப்போது தின்றது, எப்போது தோல் உரித்தது, எடை என்ன என்று எழுதிய கொப்பி. மூலையில் ஒரு மின்பிறப்பாக்கி. "98ஆம் ஆண்டுக்காக" என்றார். புதிதாக வருவதை மூன்று மாதம் தனியே வைத்து நோய் பார்க்கும் பெட்டி வேறு. ஆறில் நான்கு, மற்றவர்கள் யூலை முதலாம் திகதி விட்டுப்போனவை. தான் இறந்தால் எந்தப் பாம்பை யார் பொறுப்பெடுப்பது என்று எழுதிய கடதாசி ஒன்றும் இருந்தது. அவருக்கு அப்போது முப்பது வயதுகூட இல்லை. இந்த இனம் முப்பது ஆண்டுகள் வாழக்கூடியது. 2020இல் அமெரிக்காவின் செயின்ற் லூயிஸ் மிருகக்காட்சிசாலையில் அறுபது வயதைக் கடந்த ஒன்று முட்டையிட்டது.

"எல்லோரும் என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள், தப்பிவிடுமா என்று" என்றார் அவர். "அது சுகமாக இருக்கிறதா என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. நீங்களும் கேட்கவில்லை."

அன்று எமது ஆமையின் கதையை அவரிடம் சொன்னோம். பனிமழையில் காப்பாற்றியதை முதலிலும், வாளியைச் சரித்ததைப் பின்னரும். அவர் கோபிக்கவில்லை. என்ன இனம், என்ன அளவு, எந்த மாதம் என்று வைத்தியர்போல் கேட்டார். பிறகு மேலே எழுதியதையெல்லாம் சொன்னார். கடைசியில், "என்னைப் பற்றித்தான் முறைப்பாடு செய்தார்கள். உங்களைப் பற்றி யாரும் செய்யவில்லை" என்றார். குத்திச் சொன்னதாகத் தெரியவில்லை. நடந்ததைச் சொன்னார், அவ்வளவே.

*

இங்கிருந்துதான் எமது கேள்வி தொடங்குகிறது. பொதுசனம் எதைக் கண்டு வெகுள்கிறது, எதைக் காணாமல் விடுகிறது? மலைப்பாம்பு செய்தியாகிறது. சதுப்பு நிலத்தில் ஓசையில்லாமல் மூழ்கும் ஆமை செய்தியாவதில்லை. ஒரு கூட்டத்தின் பெயர் கெடுவதும் கெடாததும் அது செய்த குற்றத்தின் அளவைப் பொறுத்ததல்ல. அந்தக் குற்றம் எவ்வளவு பயமுறுத்துகிறது என்பதைப் பொறுத்தது.

இது எமக்குப் புதிய பாடமா? 1986 ஓகஸ்டில் நியூபவுண்லாந்துக் கரைக்கு அப்பால் உயிர்காப்புப் படகுகளில் 155 தமிழர் மீட்கப்பட்டனர். இந்தியாவிலிருந்து வந்தோம் என்று முதலில் சொன்னார்கள். மேற்கு ஜேர்மனியிலிருந்து கப்பலேறியது பின்னர் தெரியவந்தது. பயத்தில் சொன்ன அந்தப் பொய்யின் கறை, அந்தப் படகில் இல்லாத எம்மெல்லோர் மேலும் நெடுநாள் ஒட்டியிருந்தது. 2010 ஓகஸ்டில் சன் சீ கப்பலில் 492 பேர் பிரிட்டிஷ் கொலம்பியாவுக்கு வந்தபோது, இறங்குமுன்பே அவர்களுக்குப் பெயர் சூட்டப்பட்டுவிட்டது. ஒருவர் செய்தால் எல்லோரும் செய்தது என்ற கணக்கை நாம் உடம்பில் சுமந்தவர்கள்.

ஆகவே அந்த இளைஞருக்காக எமது மனம் இரங்கியது. ஆனால் இந்த ஒப்புமையை அதிக தூரம் இழுக்கக் கூடாது. தமிழராகப் பிறப்பதை எவரும் தெரிவுசெய்வதில்லை. பிறப்பால் வந்த அடையாளத்துக்காக ஒருவரிடம் மற்றவரின் குற்றத்துக்குக் கணக்குக் கேட்பது அநீதி. பாம்பு வளர்ப்பது பிறப்பால் வருவதல்ல. ஒருவர் விரும்பி எடுத்துக்கொள்ளும் காரியம். அதன் ஆபத்து அயலவருக்கும், அதன் துன்பம் வாயில்லாத ஒரு பிராணிக்கும் போய்ச் சேரும் காரியம். விரும்பி ஒரு காரியத்தில் இறங்கியவரிடம், அந்தக் காரியத்தைச் செய்பவர்கள் எப்படி நடக்கிறார்கள் என்று அயலவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. பூட்டைக் காட்டு, கொப்பியைக் காட்டு என்று கேட்கலாம். தலைகுனிந்து நட என்று மட்டும் கேட்க முடியாது.

இதை அவரும் மறுக்கவில்லை. ஊர்வன வளர்ப்போர் சிலர், தமது பெயரைத் திருத்துவதற்காகக் கடைத்தொகுதிகளுக்குப் பாம்புகளைக் கொண்டுபோய்ப் பிள்ளைகளின் தோளில் போட்டுப் படம் எடுக்கவிடுகிறார்கள். இவரையும் அழைத்தார்களாம், போகவில்லை. ஒளிந்திருந்தால்தான் நிம்மதியாக இருக்கும் பிராணியை வெளிச்சத்திலும் சத்தத்திலும் நூறு கைகள் மாற்றுவது அதற்கு வதை. "என் பெயரைக் காப்பாற்ற அது ஏன் கஷ்டப்படவேண்டும்?" என்று கேட்டார். நல்ல பெயருக்காகச் செய்யும் பராமரிப்பில் பிராணி மறுபடியும் ஒரு கருவியாகிவிடுகிறது. பூட்டும் கொப்பியும் யாரும் பார்க்காத இரவிலும் இருக்கவேண்டியவை.

*

எமது பக்கத்தையும் பார்க்கவேண்டும். நாகதம்பிரானுக்குப் பால் வார்த்தவர்கள் நாம். பாம்பு பால் குடிக்கும் பிராணியே அல்ல. அதே கையால், வேலியில் சாரையைக் கண்டாலும் அடித்துக் கொன்றவர்கள். எமர்சன் ரெனென்ற் 1861இல் எழுதிய இலங்கை விலங்குகள் பற்றிய நூலில், யாழ்ப்பாணச் சந்தையில் கடலாமையை உயிரோடு வைத்தே துண்டு துண்டாக வெட்டி விற்ற காட்சியை அருவருப்போடு விவரிக்கிறார். வெள்ளைக்காரரின் நாகரிகப் பெருமை அதில் கலந்திருக்கலாம். ஆனால் ஆமை துடித்தது துடித்ததுதான். கும்பிடுவதும் கொல்லுவதும் எமக்குத் தெரிந்திருந்தன. இடையில் உள்ள ஒன்று, தினமும் தண்ணீர் மாற்றி, சூடு பார்த்து, அதன் வாழ்நாள் முழுதும் பொறுப்பாயிருப்பது, எமக்குப் பழக்கமில்லை.

எமக்குப் பழக்கமில்லை என்றாலும் தமிழில் அதற்கு முன்மாதிரி இல்லாமலில்லை. 1980களில் சென்னையில் விசாவுக்கும் ஏஜென்சிக்கும் காத்துக் கிடந்த எம்மில் பலர், பொழுதுபோகாமல் கிண்டிப் பாம்புப் பண்ணைக்குப் போயிருப்போம். ரோமுலஸ் விற்றேக்கர் தொடங்கிய பண்ணை அது. அவருக்குப் பாம்பைக் கற்பித்தவர்கள் இருளர். இருளர் அதுவரை பாம்புகளைப் பிடித்துத் தோல் வியாபாரிகளுக்கு விற்றுப் பிழைத்தார்கள். 1972இன் வனவிலங்குச் சட்டமும், அதன் பின் வந்த தோல் ஏற்றுமதித் தடையும் அவர்களது வயிற்றில் அடித்தன. 1978இல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உருவானது. நாகம், விரியன் போன்றவற்றைப் பிடித்து, மண்பானைகளில் சில வாரங்கள் வைத்து, சில தடவைகள் விஷம் எடுத்து, அடையாளமிட்டு, திரும்பக் காட்டில் விடுகிறார்கள். இந்தியாவில் பாம்புக்கடி மருந்து செய்ய அந்த விஷம்தான் பெருமளவு போகிறது.

அங்கே பாம்பை விடுவது தர்மம். அது பிறந்த மண்ணுக்கே, சில வாரத்தில், வேட்டையாடத் தெரிந்த உடம்போடு திரும்புகிறது. இங்கே நாம் ஆமையை விட்டது அதே செயல்போலத் தோன்றினாலும் அதற்கு நேரெதிர். அந்த வேறுபாட்டை மிகப்பெரிதாகக் காட்டும் இடம் புளோரிடா. வளர்க்க வாங்கிய பர்மிய மலைப்பாம்புகளைப் பெரிதானதும் பலர் சதுப்புக் காட்டில் விட்டார்கள். 1992இல் வீசிய ஆண்ட்ரூ சூறாவளி ஒரு பாம்புப் பண்ணையை உடைத்தெறிந்தபோது மேலும் பல வெளியேறின. இன்று அங்கே முயலையும் ரக்கூனையும் காண்பது அரிதாகிவிட்டது. 2017 சனவரியில், அவற்றைத் தேடிப் பிடிக்கத் தமிழ்நாட்டிலிருந்து இரண்டு இருளரை அழைத்தார்கள்: மாசி சடையன், வடிவேல் கோபால். நவீன கருவிகளோடு மற்றவர்கள் தடுமாறிய இடத்தில், புல்லின் மடிப்பையும் எச்சத்தையும் பார்த்தே இவர்கள் மலைப்பாம்புகளைக் கண்டுபிடித்தார்கள். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. எம்மவருக்குக் கிடைத்த கௌரவம் என்று மகிழ்ந்தோம். ஆனால் அவர்கள் அங்கே போக நேர்ந்தது ஏன்? எம்மைப்போன்ற ஆயிரம்பேர் வாளியைச் சரித்துவிட்டுப் புண்ணியம் என்று சொன்னதால்தான்.

*

ஆமையை அகதியாகப் பார்ப்பது எழுதுகிறவர்களுக்கு இலகு. வெப்பநாட்டுப் பிராணி, பனிநாட்டுக் கண்ணாடிப் பெட்டி, செயற்கைச் சூரியன். நாமும் சில காலம் அப்படி உருகியதுண்டு. அதில் ஒரு சுயவஞ்சனை இருக்கிறது. நாம் உயிர்தப்ப, எமது காலால், எமது கடனால் வந்தவர்கள். அது ஒன்றிலிருந்தும் தப்பி வரவில்லை, கொண்டுவரப்பட்டது. அந்தக் கதையில் எமக்குரிய பாத்திரம் வேறு. பணத்தை வாங்கிக்கொண்டு, பாங்கொக்கிலோ மொஸ்கோவிலோ ஒரு அறையில் ஆட்களை அடைத்துவிட்டு, "இனி உங்கட பாட்டைப் பாருங்கோ" என்று மறைந்துபோன ஏஜென்சிக்காரரை நாம் இன்னும் மன்னிக்கவில்லை. அந்த ஆமைக்கு நாம் யாராக இருந்தோம்?

2015இல் கியூபெக் தனது குடியியற் சட்டத்தைத் திருத்தி, விலங்குகள் பொருட்களல்ல, உணர்வுள்ள உயிர்கள், அவற்றுக்கு உயிரியல் தேவைகள் உண்டு என்று எழுதியது. அதே பிரிவின் அடுத்த வரி, ஆனாலும் சொத்துக்கான விதிகள் அவற்றுக்கும் பொருந்தும் என்கிறது. சிரிப்பு வருகிறதுதான். ஆனால் மனிதர் என்று ஒப்புக்கொண்டபின் கோப்பு எண்ணாக நடத்தப்பட்ட எமக்கு, அந்த முதல் வரியின் பெறுமதியும் தெரியும். எழுதப்பட்ட வரியைக் காட்டிக் கேட்கலாம். எழுதாததைக் காட்டிக் கேட்க முடியாது.

நாய் வாலாட்டும்; பூனை மடியில் ஏறும். செய்த பராமரிப்புக்கு அங்கே உடனே ஒரு கைம்மாறு கிடைக்கிறது. ஆமையோ பாம்போ அப்படி எதையும் தருவதில்லை. ஆறு ஆண்டுகளில் எமது ஆமை எம்மை நேசித்ததாக ஒரு அடையாளமும் இல்லை. உணவு வரும் திசை அதற்குத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான். நன்றி சொல்லாத ஒன்றுக்கு, பார்ப்பவர் இல்லாத இடத்தில், முப்பது ஆண்டுகளுக்குக் கடமைப்பட்டிருக்க முடியுமா என்பதே ஊர்வன வளர்ப்பவரிடம் கேட்கவேண்டிய கேள்வி. முடியாது என்றால் வாங்கக்கூடாது. வாங்கியபின் முடியாமற்போனால், பொறுப்பெடுக்கக்கூடிய இன்னொருவரைத் தேடும்வரை கடமை தீரவில்லை. அப்படியானால் ஒருவருமே வளர்க்கக்கூடாது என்று கேட்பவர்களுக்கு எம்மிடம் உறுதியான மறுமொழி இல்லை. காட்டிலிருந்து பிடித்ததை வாங்குவதை நியாயப்படுத்த எம்மால் முடியாது. ஆனால் ஏற்கெனவே பெட்டிக்குள் பிறந்துவிட்ட இலட்சக்கணக்கானவற்றுக்குத் திரும்பிப் போக நாடில்லை. அவற்றுக்கு இருக்கக்கூடியது ஒரு நல்ல வீடுதான்.

*

இப்போது பேத்திக்கு ஒன்பது வயது. சிறுத்தைப் புள்ளிப் பல்லி ஒன்று வேண்டுமாம். ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், வடமேற்கு இந்தியாவின் வறண்ட பாறைநிலத்துப் பல்லி. இங்கே பெட்டியில் பிறந்து வளர்ந்தவை விற்பனைக்கு உண்டு. அம்மா இருந்திருந்தால், அது சொல்லும் திசையைப் பார்த்துப் பலன் சொல்லியிருப்பார். பாம்புக்கார இளைஞரிடம் கூட்டிக்கொண்டு போனோம். இருபது வருடம் வாழும் என்று அவர் சொல்ல, அவள் விரல்விட்டு எண்ணினாள்.

"அப்ப எனக்கு இருபத்தொன்பது வயசாகியிருக்கும்."

"ரொறன்ரோவில வேலை கிடைச்சால் என்ன செய்வாய்?" என்று கேட்டோம்.

"அதையும் கொண்டு போவன்."

அந்தப் பதிலை நாம் ஏற்கவுமில்லை, தள்ளவுமில்லை. மே மாதம் வரட்டும் என்றோம். முதலில் அவளை அந்த மரநடைபாதைக்குக் கூட்டிப்போய், ஆமைகளின் முகத்தை எப்படிப் பார்ப்பது என்று காட்டவேண்டும். ஏன் பார்க்கிறோம் என்பதையும் சொல்லவேண்டும். பனிமழைக் கதை அவளுக்குத் தெரியும்; மற்றக் கதையை இன்னும் சொல்லவில்லை.